பின் சீட்டில் அம்மா

காரின் பின் சீட்டில், ஜன்னலுக்கு மேலே, மடங்கும் கைப்பிடி ஒன்று இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது இஸ்திரி போட்ட சட்டையை ஹாங்கரோடு தொங்கவிடத்தான் பயன்படுகிறது. புனேயின் கோத்ருட் பகுதியில் வசிக்கும் அந்த வங்கி அதிகாரிக்கு மட்டும் அது ஒரு அளவுமானி. காரை ஓட்டும்போது அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொள்வார். பின்னால் வரும் லாரிகளுக்காக மட்டும் அல்ல. அம்மாவின் இடது கை மடியில் இருக்கிறதா, கைப்பிடியில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மடியில் இருந்தால் கார் ஒழுங்காகப் போகிறது. கைப்பிடிக்குப் போய்விட்டால் எங்கோ தப்பு.

இந்தப் பழக்கம் வந்தது 2018-ன் கடைசியில். அதற்கு முன்பு காரின் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

அம்மா அம்பாசமுத்திரத்துக்காரர். கணவர் இறந்த பிறகு, 2016-ல், மகனோடு புனேக்கு வந்துவிட்டார். மறு வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்புக் கட்டைகளில் ஒன்று நசுங்கிப்போனது. 70 வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அபூர்வமான விஷயம் அல்ல. எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்ட நிலையில் பெரிய விபத்தெல்லாம் தேவையில்லை; உட்கார்ந்த வாக்கில் ஒரு அதிர்ச்சி போதும். மேடு ஒன்றில் பஸ் தூக்கிப்போட்டதில், கடைசி வரிசையில் இருந்த முதியவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கியது எலும்பு மருத்துவர்கள் அறிந்த கதைதான். மாத்திரை, கால்சியம், தினமும் கொஞ்சம் நடை என்று எழுதிக்கொடுத்த டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார்: தூக்கிப்போடும் வண்டியில் போகக் கூடாது.

ஆனால் போகாமலும் இருக்க முடியாது. மகள் இருப்பது கோலாப்பூரில். மருமகனுக்கு அங்கே வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. பேத்திக்கு அப்போது 4 வயது. புனேயிலிருந்து சுமார் 230 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் குழந்தையைப் பார்க்காவிட்டால் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

2018 ஆகஸ்டில், அப்படி ஒரு பயணம் முடிந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. மழை. சாத்தாராவிலிருந்து புனே வரும் வண்டிகள் கம்பட்கி சுரங்கப் பாதையைக் கடந்ததும் சாலை இறக்கமாகி, ஒரு பக்கம் வளைந்து, உடனே மறுபக்கம் வளையும். விபத்துகளுக்குப் பேர்போன இடம். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைய, இவர் பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. மறுவளைவுக்குத் திருப்பியபோது, அந்தப் பக்கம் போயிருந்த கனம் முழுவதும் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. காரின் பின்பாகம் வாலை ஆட்டுவது போல ஒரு தடவை ஆடியது. மொத்தம் மூன்று விநாடி இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முறுக்கு டப்பா கீழே உருண்டது, அவ்வளவுதான். “மெதுவாப் போய்யா” என்றார் அம்மா. அன்று ராத்திரி மகனுக்குத் தூக்கம் வரவில்லை.

கார் 7 வருஷம் பழசு. ஓடியது 94,000 கி.மீ. அது ‘ரொம்ப மெத்து’ என்ற முடிவுக்கு அவர் வந்தார். பொறுப்புள்ள மனிதர் செய்யும் காரியம்தான்: நாலு பேரைக் கேட்டார், படித்தார், நகரின் ஓரத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனார். கார்களைப் ‘பிடிப்பாக’ ஆக்கித் தருவதில் பெயர் வாங்கிய கடை. அங்கே அவருக்கு விற்கப்பட்டது ஒரு முழு செட். காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. கூடவே முரட்டு ஷாக் அப்சார்பர்கள். 15 அங்குல சக்கரங்களுக்குப் பதிலாக 16 அங்குல அலாய் சக்கரங்கள். சக்கரத்துக்கு ஆன செலவு தனி. மற்றதற்கு மட்டும் ரூ. 58,000.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை தனியாகப் போனபோது அதே வளைவில் கார் சாயவே இல்லை. பலகை போலத் திரும்பியது. தன் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவருக்கு. அதில் கொஞ்சம் வாலிப சந்தோஷமும் கலந்திருந்தது என்பதை அவர் மறுப்பதில்லை. தாழ்ந்து நிற்கும் கார் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அம்மா ஒரு தடவை அந்தக் காரில் கோலாப்பூர் போய் வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தலைவலி. பக்கத்து வீட்டில் சத்யநாராயண பூஜை. தீபாவளிக்குக் கூட, “நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்” என்றார். புனேயில் அவர் பார்த்துக்கொள்ள வீட்டில் அப்படி என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் தங்கை போன் செய்தாள். “அண்ணே, அம்மா உங்க கார்ல ஏறவே பயப்படுதா. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் உயிர் போய் உயிர் வருதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

ஆக, ஒரு பயத்தைத் தீர்ப்பதற்காக ரூ. 58,000 கொடுத்து இன்னொரு பயத்தை வாங்கி வந்தாயிற்று. பழையபடி மாற்றிவிடலாம் என்றால் அந்த வளைவு இருக்கிறது. அம்மாவின் முதுகா, எல்லோருடைய உயிருமா என்று கேள்வி வந்து நின்றது. கார்க்காரர்கள் எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் உண்டு: சௌகரியமும் பிடிமானமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும். அவரும் நம்பினார். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

புனேயில் தமிழர்களுக்குக் காப்பித் தூளும் அப்பளமும் கிடைக்கும் இடம் ராஸ்தா பேட். அதை ஒட்டியே நானா பேட். வண்டி உதிரி பாகக் கடைகளின் உலகம். அம்மாவையும் மனைவியையும் காப்பித் தூள் கடையில் விட்டுவிட்டு, நண்பர் ஒருவர் சொல்லியனுப்பிய வயதான மெக்கானிக்கைப் பார்க்கப் போனார். எல்லோரும் காகா என்று கூப்பிடும் அந்த மராட்டியர், கதையைக் கேட்பதற்கு முன்பே காரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பின் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவி, ஒரு ரப்பர் கட்டையைக் காட்டினார். பம்ப் ஸ்டாப். சக்கரம் மேலே ஏறி, இனி போக இடம் இல்லை என்னும்போது போய் முட்டும் கடைசிக் கட்டை. கூம்பாக இருக்க வேண்டிய அதன் நுனி தட்டையாகி, தேய்த்த செருப்பைப் போல மினுங்கியது.

“ஸாஹேப், உங்கள் அம்மாவை அடித்தது ஸ்பிரிங் இல்லை. இதுதான்” என்றார் காகா.

கணக்கு எளிது. அந்த காரில், கம்பெனி ஸ்பிரிங்கோடு, காலியாக நிற்கும்போது பின் சக்கரம் மேலே போக இருந்த இடம் சுமார் 8 செ.மீ. தாழ்த்தியதில் 4 செ.மீ. போயிற்று. பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமான்களும் ஏறினால் இன்னும் 2 செ.மீ. காலி. மிச்சம் 2 செ.மீ. நம் ஊர்களில் உள்ள வேகத்தடைகள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. சக்கரம் மேலே வந்ததும் ஸ்பிரிங் வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் ரப்பர் முட்டிவிடும். அந்தக் கணத்தில் காருக்கு ஸ்பிரிங்கே இல்லை. இரும்பின் மேல் ரப்பர், ரப்பரின் மேல் சீட், சீட்டின் மேல் அம்மா. முன் சீட்டில் இருப்பவர் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பதால் இதில் பாதிகூட உணர மாட்டார். பின் சீட்டோ ஏறக்குறைய பின் அச்சின் தலைமேலேயே இருக்கிறது. மகன் ஓட்டிய காரும் அம்மா உட்கார்ந்து வந்த காரும் வேறு வேறு கார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த விஷயத்தில் நிலவும் குழப்பத்தில் பாதிக்குக் காரணம் ஒரு பெயர். ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை உறிஞ்சுவதில்லை. அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங். பள்ளமோ மேடோ வந்ததும் அமுங்கிக்கொடுப்பது அதுதான். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது. ஊஞ்சலைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. காகாவின் வாயில் அது ‘ஷாக்கர்’. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்களும் வால்வுகளும். ஆட்டத்தின் சக்தியை அது சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஒன்று தாங்குகிறது, மற்றது அடக்குகிறது. தாங்குவதைக் கெட்டியாக்கி அடக்கும் வேலையை வாங்க முயல்வதுதான் பெரும்பாலான கார்க்காரர்கள் செய்யும் தவறு.

காகா அடுத்துச் சொன்னதுதான் வங்கி அதிகாரியை உலுக்கியது. ஆகஸ்டில் அந்த வளைவில் வாலாட்டிய கார் மெத்தென்ற கார் அல்ல, செத்த கார். 94,000 கி.மீ. ஓடிய ஷாக்கரில் அடக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கும்? அது ஒரு நாளில் சாவதில்லை. மாதத்துக்குக் கொஞ்சமாகச் சாகிறது, ஓட்டுபவரும் மாதத்துக்குக் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறார். பானெட்டின் மூலையை அழுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் நல்லது என்பார்கள். இந்தச் சோதனையில் முழுவதும் செத்தது மட்டும்தான் தெரியும், பாதி செத்தது தெரியாது. கூடவே, கீழ்க் கைகளைச் சட்டத்தோடு சேர்க்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி-ரோல் கம்பியின் லிங்க்குகள் தளர்ந்திருந்தன. ஸ்பிரிங் மாற்றிய கடை இவற்றைத் தொடவே இல்லை. புதுச் சட்டையைப் போட்டுவிட்டு உள்ளே கிழிந்த பனியனை அப்படியே விட்டது போல.

அதாவது, கம்பெனி கொடுத்த காரை அவர் ஒருபோதும் அந்த வளைவில் ஓட்டிப் பார்த்ததில்லை. தேய்ந்துபோன காருக்கும் கெட்டிப்படுத்திய காருக்கும் நடுவில்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

சௌகரியமும் பிடிமானமும் ஒரே தராசில் இல்லை என்பதற்கு உடம்பே சாட்சி. கார் வளைவில் சாய்வது, பிரேக் போட்டால் மூக்கைக் குத்துவது, மேடு தாண்டிய பிறகு மிதப்பது எல்லாம் மெதுவான அசைவுகள். விநாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை. சாதாரணக் கார்களின் ஸ்பிரிங்குகள் இந்த வேகத்தில்தான் ஆடும்படி அமைக்கப்படுகின்றன. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் படபடப்பதோ விநாடிக்குப் பத்து, பதினைந்து தடவை. இரண்டுக்கும் நடுவே, மேலும் கீழுமான அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான பகுதிதான் உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மிகவும் ஆகாதது. வயிறும் முதுகும் அந்தத் தாளத்துக்குத்தான் கூடவே ஆடும். அதற்கு நேர்மாறாக, விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான மெத்தாட்டம் வாந்தியைக் கொண்டுவரும். ஆக, ரொம்ப மெத்தென்றிருப்பதும் சௌகரியம் அல்ல.

ஓட்டுபவருக்கு நம்பிக்கை தருவது அந்த மெதுவான அசைவுகளின் மேல் உள்ள கட்டுப்பாடு. பின்னால் இருப்பவரைத் துன்புறுத்துவது வேகமான அடிகள். வளைவில் சாயும்போது ஷாக்கரின் பிஸ்டன் விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. பள்ளத்தில் விழும்போது விநாடிக்கு ஒரு மீட்டரைக்கூடத் தாண்டும். நல்ல ஷாக்கருக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியும். மெதுவான அசைவுக்குக் கெட்டியாக நிற்கும்; திடீர் அடி வந்தால் வால்வைத் திறந்து எண்ணெயை ஓடவிடும். மலிவான ‘முரட்டு’ ஷாக்கர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டு நிற்கும். பணத்தைப் போட வேண்டிய இடம் இந்த வால்வு. கடைகளில் இதைக் கண்ணால் காட்ட முடியாது. சிவப்பு வர்ணம் அடித்த ஸ்பிரிங்கைக் காட்ட முடியும். எது அதிகம் விற்கிறது என்பதில் ஆச்சரியம் இல்லை.

வால்வே அடியின் வேகத்தைப் பார்த்துத் தானாக இளகும் ஏற்பாடு இப்போது நம் நாட்டுக் கார்களிலும் வந்துவிட்டது. 2021-ல் வெளியான மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700-ல் அது உண்டு. காந்தத்துக்குக் கட்டுப்படும் திரவத்தை ஊற்றிய ஷாக்கர்கள் 2002-லேயே அமெரிக்காவின் கேடிலாக் கார் ஒன்றில் வந்தன. இவையெல்லாம் 2011-ல் வாங்கிய ஒரு காருக்குப் பிரயோஜனப்படாத செய்திகள்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பழைய பாடம் உண்டு. அது அம்மாவின் சீட்டைப் பற்றியது என்றே சொல்லலாம். 1930-ல் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், 1932-ல் ஒரு விநோதமான காரைச் செய்தார். கனமான எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டும் வசதி கொண்ட கார். ஒவ்வொரு விதமாக மாட்டி, ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரியவந்தது இது: அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறாக, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும். காரணம், மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். இரண்டரை மீட்டர் இடைவெளியுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போனால், 0.15 விநாடி கழித்துப் பின் சக்கரம் ஏறுகிறது. தாமதமாக ஆட ஆரம்பித்த பின்பாகம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பாகத்தைப் பிடித்துவிடும். அப்புறம் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பிடிக்காவிட்டால் கார் குதிரையைப் போல முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். பின் சீட்டில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டுவது இந்தத் தலையாட்டல். கம்பெனிப் பொறியாளர்கள் முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஒரு விகிதத்தை வைத்துத்தான் காரை அனுப்புகிறார்கள். வெளியே வாங்கும் செட் அந்த விகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறதா என்பதை அட்டைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை.

இத்தனைக்கும், ஸ்பிரிங்கை மூன்றில் ஒரு பங்கு விறைப்பாக்கியதால் ஆட்டத்தின் வேகம் கூடியது 15 சதவீதம்தான். கணக்கில் அது வர்க்கமூலமாகத்தான் ஏறும்: 1.3 ஆக இருந்தது 1.5 ஆகும். அதை அம்மா பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது பறிபோன அந்த 4 செ.மீ.

பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் 2சிவி 1948-ல் வந்தது. உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையைக் கொண்டுபோக வேண்டும், ஒன்றும் உடையக் கூடாது என்பதுதான் அதைச் செய்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. மெத்தென்ற ஸ்பிரிங்கும் சக்கரம் தாராளமாக ஏறி இறங்க இடமும் கொடுத்தார்கள். அந்தக் கார் வளைவில் படகைப் போலச் சாயும். ஆனால் சாலையை விடாது. சாய்வது வேறு, பிடி விடுவது வேறு. நம் அம்பாசிடரின் பின் சீட்டுக்கு அமைச்சர்கள் மத்தியில் இருந்த மவுசுக்கும் ஸ்பிரிங் காரணமா, சோபா போன்ற சீட்டு காரணமா என்று விவாதிக்கலாம். பின்னால் இருந்தது லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்தான். அந்தக் கார் 2014-ல் நின்றுபோனது. விவாதமும் அதோடு போகட்டும்.

காகா எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற மறுத்தார். ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். எது என்ன செய்தது என்று தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. 2019 பிப்ரவரியில் முதலில் போனது அலாய் சக்கரங்கள். பழைய 175/65 ஆர்15 டயரின் பக்கச் சுவர் 114 மி.மீ. உயரம். புதிய 195/50 ஆர்16-ல் அது 97 மி.மீ.தான். சாலைக்கும் காருக்கும் நடுவே முதல் ஸ்பிரிங் டயர்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை. காற்றும் 36 அடித்து வைத்திருந்தார். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது 32. டயர்களையும் காற்றையும் பழையபடி ஆக்கியதுமே பள்ளங்களின் கூர்மை மழுங்கியது. இதற்குச் செலவு ஒரு ரூபாய் இல்லை, அலாய் சக்கரத்தை நஷ்டத்துக்கு விற்றதைத் தவிர.

பிறகு புஷ்களும் லிங்க்குகளும். தடித்த ஆன்டி-ரோல் கம்பி போடலாமா என்று அவர் கேட்டார். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுவதால் அந்தக் கம்பி தொந்தரவு செய்யாது, சாய்வு மட்டும் குறையும் என்று எங்கோ படித்திருந்தார். உண்மைதான். ஆனால் புனேயின் பள்ளங்கள் ஒரு பக்கச் சக்கரத்துக்குத்தான் வரும். அப்போது அந்த அடியில் ஒரு பங்கை மறுபக்கத்துக்கும் கம்பி கடத்தும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமுமாக ஆடும். வேண்டாம் என்றார் காகா. ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையங்களுக்கும் அதே பதில். காரைத் தூக்கிக் காட்டும் என்பதால் அவை எங்கும் விற்கின்றன. சுருளில் ஒரு பகுதியை வேலை செய்யவிடாமல் அவை கட்டிப்போடுகின்றன. மிச்சமிருக்கும் சுருள் விறைக்கிறது. திருகாணி வைத்து இறுக்கமும் தளர்வும் செய்யும் ஷாக்கர்களைக் காகா சிரித்துக்கொண்டே ஒதுக்கினார். முதல் வாரம் தினமும் திருகுவார்களாம், அப்புறம் எத்தனை சுற்று என்பதையே மறந்துவிடுவார்களாம்.

கடைசியில் வாங்கியது இதுதான்: கம்பெனி உயரத்துக்கான கம்பெனி ஸ்பிரிங், அதே நீளத்தில், நைட்ரஜன் நிரப்பிய, கம்பெனியுடையதைவிடக் கொஞ்சமே கெட்டியான ஷாக்கர்கள், புது பம்ப் ஸ்டாப்கள். அழுத்தத்தில் உள்ள வாயு எண்ணெயை நுரைக்கவிடாது. நீண்ட மலை இறக்கத்தில் சூடேறினாலும் ஷாக்கர் தளராது. எல்லாம் சேர்த்து ஆன செலவு, ஆகஸ்டில் கடைக்குக் கொடுத்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. இதற்கிடையே, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2019 ஜனவரியில் வந்திருந்தது. தாழ்த்திய காரை இன்ஷூரன்ஸ்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையும் அதோடு தீர்ந்தது.

சோதனைக்காக அவர் தனியாக கம்பட்கி போனார். பழைய செட்டில் இருந்த பலகைத் தன்மை இல்லை. கார் சாய்ந்தது. ஆனால் மெதுவாகச் சாய்ந்து, ஓரிடத்தில் நின்று, அங்கேயே இருந்தது. மறுவளைவுக்குத் திருப்பியபோது கனம் ஓடிவந்து விழவில்லை, நடந்து வந்தது. வேகத்தில் ஒரு நஷ்டம் உண்டு: தாழ்த்திய காரில் 75-ல் கடந்த இடத்தை இதில் 60-க்கு மேல் கடக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த 15 கி.மீ. வேகத்துக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தோம் என்பது அப்போது புரிந்தது.

ஜூனில் அம்மா கோலாப்பூர் போனார். கூப்பிட்டதும் கிளம்பவில்லை, முதலில் ராஸ்தா பேட் வரை ஒரு தடவை போய்வந்து, அதன் பிறகுதான் பெட்டியை எடுத்தார். சாத்தாராவில் நிறுத்தச் சொல்லிப் பேத்திக்குக் கந்தி பேடா வாங்கினார். திரும்பி வரும்போது சுரங்கத்தைத் தாண்டியதும் மகன் கண்ணாடியைப் பார்த்தார். சாலையின் குறுக்கே போட்டிருந்த தடதடப்புக் கோடுகளில் கை மேலே போயிற்று. வளைவில் இறங்கிவிட்டது. மறுவளைவு முடிவதற்குள் அம்மா மருமகளிடம் இட்லி மாவை ஃபிரிட்ஜில் வைத்தோமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்த ஷாக்கராலும் தீர்க்க முடியாத ஒன்று மட்டும் பாக்கி. அவர்கள் குடியிருக்கும் சொசைட்டியின் வாசலில், குடியிருப்போரே சிமென்ட் போட்டுக் கட்டிக்கொண்ட வேகத்தடை. முழங்கால் அகலம்தான், உயரமோ முக்கால் ஜாண். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ம் வருஷ விதியில், 25 கி.மீ. வேகத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, மெல்ல வளைந்து ஏறி இறங்க வேண்டும் என்று இருந்தது. இதை எழுதி, படமும் வரைந்து, செயலாளரிடம் மனு கொடுத்தார். குழந்தைகள் விளையாடும் இடம், உயரத்தைக் குறைக்க முடியாது என்று பொதுக்குழுவில் நாலு பேர் எழுந்து சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று செயலாளர் ஒத்திவைத்தார். அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார். அம்மா கேட்டுக்கு முன்பே காரிலிருந்து இறங்கி, அந்த மேட்டை நடந்து தாண்டி, மறுபக்கம் வந்து ஏறிக்கொள்கிறார்.